பையூட் மக்கள் எப்படி ஏழைகளாக்கப்பட்டார்கள்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

அமெரிக்கப் பழங்குடிகள் என்றதும் நம்மில் பலருக்கும் இறகுத் தொப்பியும் குதிரையும்தான் ஞாபகத்துக்கு வரும். நெவாடாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த பையூட் மக்களைப் பற்றிச் சொன்னால், "அப்படி ஒரு கூட்டம் இருக்கா?" என்பதில் பேச்சு ஆரம்பிக்கும். அப்புறம் பெரும்பாலும் இதே சந்தேகங்கள்தான் வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. அதனால் மேலிருந்து கீழாகப் படித்தால் வசதி.

பையூட்னா யாரு? எந்த ஊர்க்காரங்க?

ஒரே பெயரில் அழைக்கப்படும் மூன்று மக்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வட பையூட் மக்கள் மேற்கு நெவாடாவிலும் தென்கிழக்கு ஓரிகனிலும் அவற்றை ஒட்டிய கலிபோர்னியா, ஐடஹோ பகுதிகளிலும் வாழ்ந்தவர்கள். தென் பையூட் மக்களின் நிலம் தெற்கு உட்டா, வடக்கு அரிசோனா, தெற்கு நெவாடா. லாஸ் வேகஸ் நகரம் நிற்பது அவர்கள் குடித்த ஊற்றுகளின் மேல்தான். மூன்றாவது, சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு பையூட் மக்கள். மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனாலும் வடக்கே பேசுவது தெற்கே புரியாது.

இவர்களுக்கு ஒரே ராஜாவும் கிடையாது, தலைநகரமும் கிடையாது. சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழுவாக, ஒரு ஏரியையோ ஆற்றையோ பள்ளத்தாக்கையோ சார்ந்து வாழ்ந்தார்கள். முயல் வேட்டைக்கு ஒருவர் தலைமை, மீன்பிடிக்கு இன்னொருவர் தலைமை என்று இருந்தது. பின்னால் வந்த அதிகாரிகள் "உங்கள் தலைவர் யார், கையெழுத்துப் போட வரச் சொல்" என்று கேட்டபோது பெரிய குழப்பம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அது பாலைவனமாச்சே? அங்க எதைத் தின்னு வாழ்ந்தாங்க?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீளமாகவே பதில் சொல்வேன். இது புரியாவிட்டால் பின்னால் வரும் எதுவும் புரியாது.

இலையுதிர் காலத்தில் குடும்பங்கள் மலையேறும். பின்யான் என்ற சிறு பைன் மரத்தின் காய்களை நீளமான கழிகளால் தட்டி விழச் செய்து, சுட்டு, கொட்டையை எடுத்துச் சேமிப்பார்கள். அதை மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு. வசந்தத்தில் பிரமிட் ஏரியிலிருந்து குயி-உயி என்ற மீன் முட்டையிட டிரக்கி ஆற்றில் ஏறி வரும். உலகத்தில் வேறெந்த ஏரியிலும் இல்லாத மீன் அது. அங்கே வாழ்ந்த குழுவுக்கே அந்த மீனின் பெயர்தான். அதே ஏரியில் பெரிய டிரவுட் மீன்களும் இருந்தன. 1925ல் பிடிபட்ட ஒன்றின் எடை 41 பவுண்டு, அதாவது 18 கிலோவுக்கு மேல்.

நீளமான வலைகளைக் கட்டி ஊரே சேர்ந்து முயல்களை விரட்டிப் பிடிக்கும். கறி சாப்பாட்டுக்கு, தோல் போர்வைக்கு. சதுப்பு நிலங்களில் கோரைப்புல்லால் வாத்து பொம்மை செய்து மிதக்கவிட்டு நிஜ வாத்துகளை வரவழைப்பார்கள். லவ்லாக் குகையில் கிடைத்த அப்படிப்பட்ட பொம்மைகளுக்கு வயது 2,000 ஆண்டுகள். மோனோ ஏரியின் உப்புத் தண்ணீரில் வளரும் ஈயின் கூட்டுப்புழுவை அள்ளி, காயவைத்து, உமி நீக்கிச் சாப்பிட்டார்கள். கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவு அது. காட்டுப்புல்லின் விதைகளைக் கூடையில் தட்டி எடுத்தார்கள். தென் பையூட் மக்கள் பலர் ஆற்றோரங்களில் சோளமும் பூசணியும் பயிரிட்டார்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் மலை ஓடைகளிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டி, கிழங்கு தரும் காட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். அந்த நீர்ப்பாசனத்தைக் கவனிக்க ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்.

அப்போ வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே ஏழைங்கதானே?

இல்லை. கையில் பொருள் குறைவாக இருந்தது உண்மை. ஊர்விட்டு ஊர் நடக்கும் குடும்பத்துக்குச் சுமை எதற்கு? பசியான மாதங்களும் இருந்தன. ஆனால் எந்த மாதத்தில் எங்கே போனால் என்ன கிடைக்கும் என்ற அறிவும், அங்கே போவதற்கான உரிமையும் இருந்தன. இந்த இரண்டும் இருப்பவரை ஏழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வாழ்க்கையில் ஒரு பலவீனம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மழை குறைவான நிலம் என்பதால் ஒரு குடும்பம் பிழைக்கப் பெரிய பரப்பு தேவை. மீன், விதை, முயல், கொட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பருவங்கள் வரும். அதில் ஏதாவது ஒரு இடத்தை மட்டும் யாராவது அடைத்துவிட்டாலே குளிர்காலத்தில் பட்டினி. குடியேறிகள் எல்லா நிலத்தையும் ஒரே நாளில் பிடுங்கத் தேவையே இருக்கவில்லை. ஆற்றங்கரைகளையும் ஊற்றுகளையும் பிடித்ததே போதுமானதாக இருந்தது.

தங்கம் தேடிப் போனவங்க வழிப்போக்கர்கள்தானே? அவங்களால என்ன கெட்டுப்போச்சு?

தோல் வணிகர்கள் 1820களிலேயே வந்துவிட்டார்கள். 1833ல் ஜோசப் வாக்கரின் கூட்டம் ஹம்போல்ட் ஆறு முடியும் இடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பையூட் மக்களைச் சுட்டுக் கொன்றது. முதல் அறிமுகமே பலருக்கு அப்படித்தான் அமைந்தது. 1849க்குப் பிறகு கலிபோர்னியா தங்கத்துக்காக ஆயிரக்கணக்கான வண்டிகள் அதே ஹம்போல்ட் ஆற்றங்கரை வழியாகப் போயின. அவர்கள் ஓட்டிவந்த மாடுகளும் குதிரைகளும் ஆற்றோரப் புல்லை மொட்டையடித்தன. அந்தப் புல்லின் விதைதான் பையூட் மக்களின் மாவு.

1859ல் நெவாடாவின் வர்ஜீனியா சிட்டியில் பெரிய வெள்ளிப் படுகை வெளியே தெரிந்ததும் நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. அதுவரை கடந்து போனவர்கள் இப்போது தங்க வந்தார்கள். சுரங்கத்துக்கும் உலைக்கும் அடுப்புக்கும் விறகும் கரியும் வேண்டும். சுற்றியிருந்த மலைகளின் பின்யான் மரங்கள் வெட்டப்பட்டன. ஒரு ஊரின் நெற்குதிர்களுக்கு மொத்தமாகத் தீ வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. வெட்டியவர்களுக்கு அது வெறும் விறகு. பின்யான் மரம் நன்றாகக் காய்க்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும் என்பதால், மறுபடி முளைத்தாலும் வெட்டிய தலைமுறையின் காலத்துக்குள் அந்த உணவு திரும்பி வராது.

எதிர்த்துச் சண்டை போட்டாங்களா, இல்ல அப்படியே விட்டுட்டாங்களா?

போட்டார்கள். 1860 மே மாதம், வில்லியம்ஸ் ஸ்டேஷன் என்ற கடையில் இரண்டு பையூட் சிறுமிகளைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். அவர்களை மீட்கப் போனவர்கள் அங்கிருந்த வெள்ளையர்களைக் கொன்று கடையையும் எரித்தார்கள். பழிவாங்க மேஜர் ஆர்ம்ஸ்பி நூற்றுச் சொச்சம் தன்னார்வலர்களோடு பிரமிட் ஏரிக்குக் கிளம்பினார். நுமாகா என்ற தலைவர் அதுவரை போர் வேண்டாம் என்று தன் மக்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தவர். ஆள்பலத்தில் ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் படை வந்தபோது அவரே தலைமை தாங்கி அதைச் சிதறடித்தார். ஆர்ம்ஸ்பி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே பெரிய படை வந்தது, ஃபோர்ட் சர்ச்சில் கோட்டையும் எழுந்தது. நுமாகா பயந்தது நடந்தது.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் சண்டையின் காரணம் நேரடியாகப் பசிதான். 1861–62ன் கடும் குளிர்காலத்தில், வாய்க்கால் பாய்ந்த கிழங்கு நிலங்களில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. உணவு போன இடத்தில் நின்ற மாட்டை அடித்துச் சாப்பிட்டார்கள். அதற்காக ஒருவரைச் சுட, பதிலுக்கு ஒருவர் சாக, போர் மூண்டது. ராணுவம் சேமிப்புக் கிடங்குகளைத் தேடித்தேடி அழித்தது. 1863 ஜூலையில் கிட்டத்தட்ட ஆயிரம் பேரைக் கோடை வெயிலில் மலை தாண்டி ஃபோர்ட் டெஹோன் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார்கள். அங்கே கொடுக்கச் சாப்பாடு கிடையாது. பலர் தப்பி, நடந்தே ஊர் திரும்பினார்கள்.

எல்லாமே போர் என்றும் சொல்லிவிட முடியாது. 1865 மார்ச்சில் மட் லேக் கரையில் முகாமிட்டிருந்த ஒரு குழுவைக் குதிரைப்படை தாக்கி முப்பது பேர் வரை கொன்றது. பெரும்பாலும் கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். சேரா வின்னமக்கா என்ற பையூட் பெண் பின்னாளில் இதைத் தன் நூலில் எழுதிவைத்தார். செத்தவர்களில் அவருடைய குடும்பத்தினரும் இருந்தார்கள்.

நிலத்தை வித்துட்டுத்தானே போனாங்க? ஒப்பந்தம் இருந்திருக்குமே?

நெவாடாவின் வட பையூட் மக்கள் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்ததாக, அமெரிக்க செனட் ஒப்புதல் அளித்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. தென் பையூட் மக்களோடு 1865ல் ஒன்று எழுதப்பட்டது. செனட் அதை ஏற்கவேயில்லை. பெரும்பாலான நிலம் விற்பனையே நடக்காமல்தான் கைமாறியது.

அதான் தனியா இடம் ஒதுக்கிக் கொடுத்தாங்களே?

கொடுத்தார்கள், திரும்ப எடுத்தும் கொண்டார்கள். இந்த ஒதுக்கு நிலங்களில் பல, ஜனாதிபதியின் ஆணையால் உருவானவை. இன்னொரு ஆணை போதும், காணாமல் போய்விடும்.

தெற்கு நெவாடாவில் மோவாப்பா ஒதுக்கு நிலம் 1870களின் தொடக்கத்தில் சுமார் 20 லட்சம் ஏக்கர். 1875ல் அது வெறும் 1,000 ஏக்கர் ஆனது. சுரங்கக்காரர்களும் பண்ணைக்காரர்களும் கேட்டார்கள், வாஷிங்டன் கொடுத்துவிட்டது.

ஓரிகனில் 1872ல் மல்ஹூர் ஒதுக்கு நிலம், சுமார் 18 லட்சம் ஏக்கர். அந்த நிலத்தை நிர்வகிக்க அரசு போட்ட சாமுவேல் பாரிஷ் என்ற ஏஜென்ட் இருந்தவரை வாய்க்கால் வெட்டி விவசாயம் பழகினார்கள். அவரை மாற்றி ரைன்ஹார்ட் என்பவரைப் போட்டதும் கூலி இல்லை, உணவு இல்லை, மேய்ச்சல்காரர்களின் மாடுகள் உள்ளே. 1878ல் பக்கத்துப் பழங்குடியான பானக் மக்களின் போர் வெடித்தபோது மல்ஹூர்காரர்களில் சிலர் சேர்ந்தார்கள், பலர் சேரவில்லை. தண்டனை எல்லாருக்கும் விழுந்தது. 1879 ஜனவரியில், பனியில், 500க்கும் மேற்பட்டவர்களை சுமார் 350 மைல் வடக்கே, வேறொரு பழங்குடியின் யாகமா ஒதுக்கு நிலத்துக்கு நடத்திப் போனார்கள். வழியில் குழந்தைகளும் முதியவர்களும் இறந்தார்கள். மல்ஹூர் நிலம் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது.

மேலே சொன்ன சேரா வின்னமக்கா அந்தப் போரில் ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். தன் மக்களோடு யாகமாவுக்கும் போனார். 1880ல் வாஷிங்டன் போய் உள்துறைச் செயலர் கார்ல் ஷுர்ஸைச் சந்தித்து, மக்கள் ஊர் திரும்பலாம் என்ற கடிதத்தை வாங்கிவந்தார். யாகமா ஏஜென்ட் அதை நிறைவேற்ற மறுத்துவிட்டார். தன் மக்களிடம் அந்த வாக்குறுதியைச் சுமந்துவந்தது அவர்தான் என்பதால், பழியும் அவர்மேலேயே விழுந்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான்.

உட்டாவுல மார்மன்கள் அவங்களை நல்லா பாத்துக்கிட்டதா சொல்றாங்களே?

மார்மன்கள் என்பவர்கள் உட்டாவில் குடியேறிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். சில இடங்களில் உணவு கொடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள். அதை மறுக்கவில்லை. முழுக் கதை வேறு. மார்மன்கள் வருவதற்கு முன்பே யூட் என்ற பக்கத்துப் பழங்குடிக் குழுக்களும் நியூ மெக்சிகோ வணிகர்களும் தென் பையூட் குழந்தைகளைப் பிடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மார்மன்கள் அந்த வியாபாரத்தை எதிர்த்தார்கள். ஆனால் 1852ல் அவர்கள் இயற்றிய சட்டம், வாங்கிய பழங்குடிக் குழந்தையை 20 ஆண்டுவரை வீட்டில் கட்டாய வேலைக்கு வைத்துக்கொள்ள அனுமதித்தது. 1850களிலும் 1860களிலும் சீடர் சிட்டி, செயின்ட் ஜார்ஜ் பக்கமெல்லாம் ஊர்கள் எழுந்தன. பையூட் மக்கள் சோளம் போட்ட ஆற்றோரங்கள்தான் அந்த ஊர்களின் வயல்கள் ஆயின.

1866ல் சர்க்கிள்வில் என்ற ஊரில், அருகில் வாழ்ந்த பையூட் குடும்பங்களை ஊர்ப்படை சிறைபிடித்தது. அப்போது வேறொரு பழங்குடிக் குழுவோடு நடந்த சண்டையில் இவர்களும் சேருவார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். மிகச் சிறிய குழந்தைகள் சிலரை மட்டும் விட்டுவைத்தார்கள். அங்கே நினைவுக்கல் எழுந்தது 2016ல், 150 ஆண்டுகள் கழித்து.

இன்னொன்று, 1857 செப்டம்பரில் மவுண்டன் மெடோஸில் சுமார் 120 பயணிகளை மார்மன் ஊர்ப்படை கொன்றது. பழி பல காலம் பையூட் மக்கள்மேல் இருந்தது. அவர்களில் சிலர் அதில் சேர்ந்தார்களா, எவ்வளவு தூரம் என்பதில் இன்னும் விவாதம் உண்டு. முக்கியப் பழியை அவர்கள் அநியாயமாகச் சுமந்தார்கள் என்று மார்மன் திருச்சபையே 2007ல் வருத்தம் தெரிவித்தது.

நிலம் போனா என்ன, வேலை செஞ்சு முன்னேறியிருக்கலாமே?

வேலை செய்யாமல் ஒரு நாளும் இருக்கவில்லை. நெவாடாவின் பண்ணைகளில் மாடு மேய்த்தது, வைக்கோல் அறுத்தது, விறகு வெட்டியது, ஊர்களில் துணி துவைத்தது எல்லாம் பையூட் ஆண்களும் பெண்களும்தான். தங்கள் ஆற்றங்கரையிலேயே தங்களுக்குச் சொந்தமில்லாத வயலில் கூலிக்கு நின்றார்கள். ஊர் ஓரத்தில், குப்பைமேட்டுப் பக்கத்தில் குடிசை போட்டு இருந்தார்கள். அந்தக் குடிசைகள்தான் பின்னால் சிறு காலனிகள் ஆயின. லாஸ் வேகஸில் 1911ல் ஹெலன் ஸ்டூவர்ட் என்ற பண்ணைக்காரர் 500 டாலருக்குக் கொடுத்த 10 ஏக்கரில் பையூட் காலனி வந்தது. ரீனோவில் 1917ல் 20 ஏக்கர் வாங்கினார்கள். பள்ளத்தாக்கு முழுக்க அவர்களுடையதாக இருந்த இடத்தில் 10 ஏக்கர்.

படிப்பும் அப்படித்தான். 1890ல் கார்சன் சிட்டியில் ஸ்டூவர்ட் உறைவிடப் பள்ளி திறந்தது. பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்து, பண்ணை வேலையும் வீட்டு வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். 1980 வரை அந்தப் பள்ளி நடந்தது.

கோஸ்ட் டான்ஸ்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கேன். அது இவங்களோடதா?

ஆமாம். முந்தைய பதிலில் சொன்ன பண்ணைக் கூலிகளில் ஒருவர்தான் வொவோகா. மேசன் பள்ளத்தாக்கில் வில்சன் குடும்பத்தின் பண்ணையில் வேலை பார்த்ததால் ஜாக் வில்சன் என்ற பெயரும் உண்டு. 1889 ஜனவரி 1 அன்று சூரிய கிரகணம். அப்போது தனக்கு ஒரு தரிசனம் கிடைத்ததாகச் சொன்னார். சண்டை போடாதீர்கள், பொய் சொல்லாதீர்கள், உழையுங்கள், இந்த வட்ட நடனத்தை ஆடுங்கள், இறந்தவர்கள் திரும்புவார்கள், பூமி புதிதாகும் என்பதுதான் அவருடைய போதனை. இருபதாண்டு முன்பே வாக்கர் ஆற்றுப் பகுதியில் வொட்ஸிவொப் என்பவர் இதுபோலச் சொல்லியிருந்தார்.

ரயிலேறி வந்து கேட்டுப்போனவர்கள் மூலம் செய்தி லகோட்டா மக்கள்வரை போனது. அங்கே ராணுவம் இதைக் கலகம் என்று பார்த்தது. 1890 டிசம்பர் 29, லகோட்டா மக்களை ராணுவம் கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலை. உழைக்கவும் அமைதியாக இருக்கவும் சொன்ன ஒரு போதனைக்கு அங்கே கிடைத்த பதில் அது. வொவோகா 1932வரை அதே பகுதியில் வாழ்ந்தார்.

இதெல்லாம் 19ஆம் நூற்றாண்டுக் கதை. அப்புறமாவது விட்டாங்களா?

இல்லை, 20ஆம் நூற்றாண்டில் தண்ணீர் போனது. சத்தமில்லாமல் நடந்ததால் பலருக்கும் தெரியாத பகுதி இது.

டாஹோ ஏரியில் பிறக்கும் டிரக்கி ஆறு பிரமிட் ஏரியில் முடிகிறது. 1905ல் டெர்பி அணையைக் கட்டி, அந்த ஆற்றில் ஏறக்குறைய பாதியை ஃபாலன் பக்கத்துப் புதிய வயல்களுக்குத் திருப்பினார்கள். அமெரிக்க மத்திய அரசின் பாசனத் திட்டங்களில் முதல் வரிசையில் வருவது இது. 1960களுக்குள் பிரமிட் ஏரி சுமார் 80 அடி இறங்கிவிட்டது. பக்கத்திலிருந்த வின்னமக்கா ஏரி 1930களிலேயே வற்றிப்போனது. ஆறு ஏரியில் சேரும் இடத்தில் மணல்மேடு தட்டி, மீன் மேலே ஏற முடியாமல் போனது. 41 பவுண்டு மீன் பிடிபட்ட ஏரியில் இருபது வருடத்துக்குள் அந்த டிரவுட் இனமே இல்லை. குயி-உயி அழியும் விளிம்புக்கு வந்தது. பையூட் மக்களின் ஒதுக்கு நிலத்தில் ஏரி இருந்தது, ஏரியில் சாப்பிட எதுவும் இல்லை.

நீதிமன்றத்துக்கும் போனார்கள். 1944ல் வந்த தீர்ப்பாணையில் பையூட் மக்களுக்கு வயலுக்கு மட்டும் தண்ணீர், மீனுக்கு ஒரு சொட்டும் இல்லை. அந்த வழக்கில் பையூட் மக்களின் சார்பில் நின்றதும் மத்திய அரசு, பாசனத் திட்டத்தின் சார்பில் நின்றதும் அதே மத்திய அரசு. இது நியாயமா என்று பின்னால் கேட்டபோது, 1983ல் உச்ச நீதிமன்றம் பழைய ஆணை செல்லும் என்று சொல்லிவிட்டது. 1990ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் மீனுக்கான தண்ணீருக்கு வழி பிறந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் தண்ணியும் இவங்களோடதுன்னு சொல்றாங்க, உண்மையா?

ஓவன்ஸ் பள்ளத்தாக்குத் தண்ணீர்தான். 1900களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் பள்ளத்தாக்கின் நிலத்தையும் நீருரிமையையும் வாங்கிக் குவித்தது. 1913ல் நகரத்தின் பொறியாளர் முல்ஹாலண்ட் கட்டிய பெருங்கால்வாய் 200 மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் நகரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோனது. 1920களில் ஓவன்ஸ் ஏரி காய்ந்து, புழுதி பறக்கும் உப்புத்தரை ஆனது. அமெரிக்க மேற்கில் முதலில் தண்ணீரைப் பயன்படுத்தியவருக்கே உரிமை என்பது பொதுவான சட்டம். அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் வாய்க்கால் வெட்டியவர் யார் என்று மேலே சொல்லியிருக்கிறேன். சட்டம் அந்த வாய்க்கால்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

1912ல் பையூட் மக்களுக்கென்று ஒதுக்கியிருந்த சுமார் 67,000 ஏக்கரை 1932ல் ரத்து செய்தார்கள். நகரத்தின் நீர்வளத்தைக் காக்க வேண்டுமாம். 1939ல் நிலப் பரிமாற்றம் நடந்தது. பையூட் மக்களின் 2,900 ஏக்கருக்கு மேல் நகரத்துக்குப் போனது, பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 1,400 ஏக்கர். பிஷப், பிக் பைன், லோன் பைன் குடியிருப்புகள் அப்படி வந்தவை. நீருரிமையைப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

1954ல் 'இனி நீங்க பழங்குடியே இல்ல'ன்னு அரசே சொல்லிடுச்சாமே?

உட்டாவின் தென் பையூட் குழுக்கள் நான்குக்கு அது நடந்தது. பழங்குடிகளை அரசின் பொறுப்பிலிருந்து 'விடுவிப்பது' அன்றைய கொள்கை. அதை முன்னின்று நடத்திய செனட்டர் ஆர்தர் வாட்கின்ஸ் உட்டாக்காரர். தன் மாநிலத்திலேயே செய்துகாட்ட நினைத்தார். 1957ல் அமலுக்கு வந்தது. வருமானமே இல்லாதவர்கள்மேல் நிலவரி விழுந்தது. மருத்துவ உதவி நின்றது. சுமார் 15,000 ஏக்கர் கைவிட்டுப் போனது. 1980 ஏப்ரல் 3 அன்று, இன்னொரு குழுவையும் சேர்த்து ஐந்து குழுக்களாக மீண்டும் அங்கீகாரம் கிடைத்தது. 1984ல் 4,770 ஏக்கரும் 25 லட்சம் டாலர் நிதியும் கொடுத்தார்கள். நடுவில் போன உயிர்களுக்குக் கணக்கு யாரிடம் கேட்பது? அந்த இடைக்காலத்தில் தங்கள் உறுப்பினர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்துவிட்டதாக அந்த மக்கள் சொல்கிறார்கள்.

நஷ்டஈடுதான் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?

தென் பையூட் மக்கள் இழந்த 2.6 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு 1965ல் முடிவான தொகை சுமார் 72.5 லட்சம் டாலர். ஏக்கருக்கு 27 சென்ட். 19ஆம் நூற்றாண்டின் நிலவிலையை வைத்துப் போட்ட கணக்கு, வட்டி கிடையாது. லாஸ் வேகஸ் நகரமும் அந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பாருங்கள்.

காசினோ நடத்திப் பணக்காரங்க ஆயிட்டாங்கன்னு சொல்றாங்களே?

வேறு மாநிலங்களில் சில பழங்குடிகளுக்குக் காசினோ பெரிய வருமானம். காரணம், அங்கே பெரும்பாலும் மற்றவர்கள் நடத்த முடியாது. நெவாடாவில் 1931லிருந்து சூதாட்டம் எல்லாருக்கும் சட்டப்பூர்வம். லாஸ் வேகஸும் ரீனோவும் இருக்கும்போது, நெடுஞ்சாலையிலிருந்து விலகிக் கிடக்கும் ஒரு சிறு குடியிருப்பில் யார் வந்து ஆடுவார்கள்? கலிபோர்னியா பக்கம் பிஷப்பில் ஒரு காசினோ உண்டு. பெரும்பாலான பையூட் குடியிருப்புகளின் கதை அது இல்லை.

2016ல ஓரிகன்ல துப்பாக்கியோட ஒரு சரணாலயத்தைப் பிடிச்சாங்களே, அதுக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். 'அரசு பிடுங்கிய நிலத்தை உண்மையான சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடு' என்று ஆயுதத்தோடு 41 நாட்கள் உட்கார்ந்திருந்தவர்கள், அந்தச் சொந்தக்காரர்கள் என்று நினைத்தது மாட்டுப் பண்ணைக்காரர்களை. அவர்கள் உட்கார்ந்த மல்ஹூர் சரணாலயம், மேலே சொன்ன மல்ஹூர் ஒதுக்கு நிலத்தின் பழைய எல்லையை ஒட்டியது, பையூட் மக்களின் மூதாதையர் நிலம். அங்கே அவர்களுடைய பழம்பொருட்கள் ஆயிரக்கணக்கில் பாதுகாக்கப்பட்டிருந்தன. யாகமாவிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பி வந்தவர்களின் வழிவந்த பர்ன்ஸ் பையூட் மக்கள் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார்கள். அவர்களுக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்ததே 1968ல்தான்.

இப்போ எப்படி இருக்காங்க? எல்லாமே சோகம்தானா?

இல்லை. பிரமிட் ஏரியின் அசல் டிரவுட் இனம் அழிந்தது என்று சொன்னேன். எப்போதோ யாரோ கொண்டுபோய் விட்ட அதன் சந்ததி உட்டா எல்லையில் பைலட் பீக் மலையின் சிற்றோடை ஒன்றில் பிழைத்திருந்தது. அதை வளர்த்து 2006லிருந்து ஏரியில் விட்டார்கள். இப்போது மறுபடி பெரிய மீன்கள். குயி-உயியைப் பையூட் மக்களே குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காப்பாற்றினார்கள்.

மோவாப்பாவுக்கு 1980ல் சுமார் 70,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. எல்லையோரமே இருந்த நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பலைப் பல ஆண்டுகள் சுவாசித்தவர்கள் அவர்கள். அதை மூடப் போராடினார்கள், 2017ல் மூடப்பட்டது. அதே ஆண்டு அவர்கள் நிலத்தில் 250 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மின்சாரம் போவது லாஸ் ஏஞ்சலஸுக்கு.

எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். வடக்கு நெவாடாவில் தாக்கர் பாஸ் என்ற இடத்தில் லித்தியம் சுரங்கம் தோண்டுகிறார்கள். 1865ல் அங்கே ராணுவம் தங்கள் மூதாதையரைக் கொன்றது என்று சொல்லிச் சில பையூட், ஷோஷோனி குழுக்கள் வழக்குப் போட்டன. 2023ல் கட்டுமானம் தொடங்கிவிட்டது. மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தப் பக்கம் போனா எதைப் பார்க்கலாம், எப்படி நடந்துக்கணும்?

ரீனோவிலிருந்து பிரமிட் ஏரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏரி அவர்களுடையது. உள்ளே போகவும் மீன் பிடிக்கவும் அவர்களிடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், அந்தப் பணமும் அவர்களுக்கே போகிறது. சில பாறைப் பகுதிகள் வெளியாட்களுக்கு மூடப்பட்டிருக்கும், அங்கே போகாதீர்கள். நிக்சன் ஊரில் அவர்களே நடத்தும் அருங்காட்சியகம் உண்டு. கார்சன் சிட்டியில் ஸ்டூவர்ட் பள்ளி வளாகமும் இப்போது அருங்காட்சியகம்தான். அம்பு முனையோ கூடைத் துண்டோ கண்ணில் பட்டால் எடுக்காமல் விட்டுவிடுங்கள். பின்யான் கொட்டை சாப்பிட ஆசையாக இருந்தால், இலையுதிர் காலத்தில் அங்கே விற்கும் பழங்குடிக் குடும்பங்களிடமே வாங்குங்கள்.